தேடுகிறவருக்கு விளக்கேற்றுவோம்



லூக்கா நற்செய்தியின் பதினைந்தாம் அதிகாரத்தில் ஆண்டவர் இயேசு ஒரு பெண்ணை நமக்கு அறிமுகப்படுத்துகிறார். பத்துக் காசுகளில் ஒன்றைத் தொலைத்துவிட்டுத் தவிக்கும் பெண் அவள் (லூக் 15:8-10). அவள் செய்தவை மூன்று. முதலில் விளக்கை ஏற்றினாள். பிறகு வீட்டைப் பெருக்கினாள். கிடைக்கும்வரை கவனமாகத் தேடினாள். அந்தக் காசு வீட்டைவிட்டு எங்கும் போய்விடவில்லை. வீட்டுக்குள்ளேதான் கிடந்தது. இருட்டும் குப்பையும்தான் அதை அவள் கண்ணுக்கு மறைத்தன.

இன்று நம்முடைய நிலையும் இதுதான். நமக்குத் தேவையான செய்தி பெரும்பாலும் எங்கோ இருக்கத்தான் செய்கிறது. பதிவேட்டில் இருக்கிறது, அலுவலகக் கோப்பில் இருக்கிறது, நம் கைப்பேசியிலேயே நூற்றுக்கணக்கான வாட்ஸ்அப் வாழ்த்துப் படங்களுக்கு அடியில் இருக்கிறது. ஆனால் தேவைப்படும் நேரத்தில், தேவைப்படும் ஆளுக்கு அது கிடைப்பதில்லை. கிடைக்காத செய்தி இல்லாத செய்திக்குச் சமம். இதில் அதிகம் இழப்பவர்கள் ஏழைகளே. படித்தவர் நாலு இடத்தில் தேடுவார். பணமுள்ளவர் ஆள் வைத்துத் தேடுவார். அன்றாடம் கூலிக்குப் போகிறவர் ஒரு நாள் சம்பளத்தை இழந்து வந்து, வெறுங்கையோடு திரும்புவார்.

நாம் பார்த்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறோம். பீங்கான் பட்டறையில் வேலை செய்யும் ஒரு தந்தை, தம் மகளின் திருமணத்துக்காகத் திருமுழுக்குச் சான்றிதழ் கேட்டு, அவர்கள் முன்பு வாழ்ந்த பங்குக்குப் போனார். மகள் பிறந்த ஆண்டு அவருக்குச் சரியாக நினைவில்லை. பதிவேடு பத்திரமாக இருந்தது. ஆனால் அதற்குப் பெயர் அட்டவணை இல்லை. மூன்று நாள் மாலையில் வந்து பக்கம் பக்கமாகப் புரட்டியும் பெயர் அகப்படவில்லை. திருமுழுக்கே நடக்கவில்லையோ என்ற பேச்சும் எழுந்தது. அந்தத் தந்தையின் முகம் வாடிப்போனது. கடைசியில் ஓர் வயதான உபதேசியார்தான், "வீட்டில் கூப்பிடுகிற பெயரை விடுங்கள்; ஞானத்தாய் யார் என்று சொல்லுங்கள்" என்று கேட்டார். ஞானத்தாயின் பெயரை வைத்துத் தேடியபோது பதிவு கிடைத்தது. அந்தப் பெண் வேறொரு பெயரில் திருமுழுக்குப் பெற்றிருந்தாள்.

பதிவு அங்கேதான் இருந்தது. அதற்குப் போகும் வாசல் மட்டும் இல்லை. தேடுகிறவருக்கு வாசல் திறந்து வைப்பது எப்படி என்பதைத்தான் இக்கட்டுரையில் சிந்திக்க விரும்புகிறோம்.

விருத்தாசலத்துக்கு அருகில் ஒரு முன்னோடி

இதற்கான பாடத்தைக் கற்க நாம் தொலைவில் எங்கும் போக வேண்டியதில்லை. விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பேர்பெற்ற ஊர். பீங்கான் தொழிற்பேட்டையும், அத்தொழில்நுட்பத்தைக் கற்பிக்கும் அரசுக் கல்வி நிலையமும் உள்ள ஊர். அந்த விருத்தாசலத்துக்கு அருகில் இருக்கிறது கோணான்குப்பம். அங்கே பெரியநாயகி அன்னைக்கு ஆலயம் எழுப்பியவர் இயேசு சபைத் துறவி வீரமாமுனிவர். ஆண்டுதோறும் ஜனவரி மாதத்தில் நடக்கும் பெருவிழாவுக்குச் சாதி சமய வேறுபாடின்றி மக்கள் திரண்டு வருகிறார்கள். அன்னை அங்கே நம் ஊர்ப் பெண்ணைப் போலவே கோலம் கொண்டிருக்கிறாள். விருத்தாசலம் பழமலைநாதர் கோயிலின் அம்மனும் பெரியநாயகி என்று அழைக்கப்படுவதை நினைத்துப் பார்த்தால், மக்களுக்குத் தெரிந்த சொல்லிலிருந்து தொடங்க வேண்டும் என்ற முனிவரின் எண்ணம் விளங்கும்.

கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி என்பது அவருடைய இயற்பெயர். 1680-இல் இத்தாலியில் பிறந்தார். 1710-இல் இந்தியா வந்தார். தேம்பாவணி என்னும் காப்பியத்தைத் தந்தார். தொன்னூல் விளக்கம் என்னும் இலக்கண நூலை எழுதினார். பரமார்த்த குரு கதையால் நம்மைச் சிரிக்க வைத்தார். 1747-இல் இறைவனடி சேர்ந்தார். 1968-இல் சென்னையில் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது கடற்கரையில் அவருக்குச் சிலை வைக்கப்பட்டது. இவையெல்லாம் நம்மில் பலருக்குத் தெரியும். ஆனால் இன்றைய நம் சிந்தனைக்கு மிகவும் உதவும் அவருடைய பணி வேறொன்று. அது 1732-இல் அவர் நிறைவுசெய்த சதுரகராதி.

அதன் அருமையை உணர, அதற்கு முன் தமிழர் சொற்பொருள் தேடிய முறையை அறிய வேண்டும். அன்று இருந்தவை நிகண்டுகள். திவாகரம், பிங்கலம், சூடாமணி நிகண்டு ஆகியவை புகழ்பெற்றவை. இவை செய்யுள் வடிவில் அமைந்தவை. மனப்பாடம் செய்வதற்கென்றே எழுதப்பட்டவை. திவாகரத்தில் பன்னிரண்டு பகுதிகள் உண்டு. தெய்வப் பெயர்கள் ஒரு பகுதி, மக்கட் பெயர்கள் ஒரு பகுதி, விலங்கின் பெயர்கள் ஒரு பகுதி, மரப் பெயர்கள் ஒரு பகுதி என்று பொருள்வாரியாகச் சொற்கள் தொகுக்கப்பட்டிருக்கும்.

நினைவில் வைத்துக்கொள்ள இது மிக நல்ல முறை. ஆனால் தேடுகிறவருக்கு ஒரு சிக்கல் உண்டு. 'களிறு' என்ற சொல்லுக்குப் பொருள் தெரியாத ஒருவர் அதை நிகண்டில் எங்கே தேடுவார்? விலங்குப் பகுதியில் தேட வேண்டும். ஆனால் அது விலங்கு என்று தெரிந்திருந்தால் அவருக்குப் பாதிப் பொருள் ஏற்கெனவே தெரிந்துவிட்டதே! விடை தெரிந்தவருக்கே விடை கிடைக்கும் என்பது போன்ற நிலை. முழு நிகண்டையும் மனத்தில் ஏற்றிய புலவருக்கு இது இடையூறு ஆகாது. புதிதாகத் தமிழ் கற்க வருகிறவருக்கோ அது பெரிய மதில்.

இந்த மதிலைக் கடக்கும் முயற்சி முனிவருக்கு முன்பே தொடங்கியிருந்தது. சிதம்பர இரேவண சித்தர் 1594-இல் இயற்றிய அகராதி நிகண்டில் சொற்களை முதலெழுத்து வரிசையில் வைத்தார். 'அகரம் முதலாக' என்ற பொருளுடைய அகராதி என்னும் சொல்லுக்கும் அது வழி திறந்தது. ஆனாலும் அது செய்யுளாகவே இருந்தது. வீரமாமுனிவர் செய்யுளை விட்டார். மனப்பாடம் செய்ய வேண்டும் என்ற எண்ணத்தையே விட்டார். சொற்களை எழுத்து வரிசையில் அடுக்கி, பக்கத்தில் பொருளை உரைநடையில் எழுதினார். எழுத்துகளின் வரிசை தெரிந்தால் போதும், எவரும் தேடிக்கொள்ளலாம். 1824-இல் அந்நூல் சென்னையில் அச்சேறியது. பின்வந்த தமிழ் அகராதிகள் எல்லாம் அவர் காட்டிய வழியில் நடந்தன.

நான்கு வாசல்கள்

சதுரகராதி என்றால் நான்கு அகராதி என்று பொருள். பெயரகராதி, பொருளகராதி, தொகையகராதி, தொடையகராதி என்று நான்கு பகுதிகள். ஒரே அகராதியாக ஏன் முடித்துக்கொள்ளவில்லை? தேடி வருகிறவர்கள் எல்லாரும் ஒரே பக்கத்திலிருந்து வருவதில்லை என்பதை முனிவர் அறிந்திருந்தார்.

ஒருவர் கையில் சொல் இருக்கிறது, பொருள் தெரியவில்லை. அவருக்குப் பெயரகராதி. இன்னொருவர் மனத்தில் பொருள் இருக்கிறது, அதைக் குறிக்கும் சொற்கள் தெரியவில்லை. அவருக்குப் பொருளகராதி. ஐம்பொறி, நவமணி என்பது போன்ற தொகைப் பெயரைக் கேட்டு, அவை எவை எவை என்று அறிய விரும்புகிறவருக்குத் தொகையகராதி. எதுகைக்கு ஏற்ற சொல் தேடும் கவிஞருக்குத் தொடையகராதி. வீடு ஒன்று, வாசல் நான்கு. எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் உள்ளே நுழையலாம்.

இதை நம் வாழ்க்கைக்குக் கொண்டுவந்து பார்ப்போம். பங்கு அலுவலகத்துக்கு வருகிறவர்களும் இப்படி நால்வகையினரே. ஒருவருக்குப் பெயர் தெரியும். மற்றவருக்குத் தேவை தெரியும். அதன் பெயர் தெரியாது. வேறொருவர், 'எங்கள் குடும்பத்துக்கு உள்ள எல்லாம் என்னென்ன' என்று மொத்தமாகக் கேட்பார். நான்காமவர், 'ஏதோ இப்படி ஒலிக்கிற பெயர்' என்று அரைகுறை நினைவோடு வருவார்.

இரண்டாம் வகையினரைத்தான் நாம் அதிகம் கைவிடுகிறோம். 'முதியோர் பணம்' என்று நம் ஊர்ப் பாட்டி சொல்வது, ஆவணத்தில் இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டம் என்று இருக்கிறது. சக்கரம் சுற்றிப் பானை வனையும் முதியவர், 'எங்களைப் போன்றவர்களுக்கு ஏதாவது உதவி உண்டா' என்றுதான் கேட்பார். தமிழ்நாடு மண்பாண்டத் தொழிலாளர்கள் நலவாரியம் என்று ஒன்று இருப்பதும், அதில் உறுப்பினராகப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பதும் அவருக்கு யாராவது சொன்னால்தான் தெரியும். அறிவிப்புப் பலகையில் திட்டத்தின் பெயரை மட்டும் எழுதி வைத்தால், பெயர் தெரிந்தவருக்கு மட்டுமே அது பயன்படும். 'கணவரை இழந்தவர்களுக்கு', 'வேலையில் அடிபட்டவர்களுக்கு', 'பிள்ளையின் படிப்புக்கு' என்று தேவையைத் தலைப்பாக்கி எழுதினால், அதுவே நம் பொருளகராதி.

இங்கே உயிர் சம்பந்தப்பட்ட ஒன்றும் உண்டு. பீங்கான், மண் சார்ந்த தொழில்களில் சிலிக்கா என்னும் நுண்தூசி நுரையீரலில் படிந்தால் சிலிக்கோசிஸ் என்ற நோய் வரும். ஒருமுறை வந்தால் முற்றிலும் குணமாவதில்லை. சட்டம் அறிவிக்கை செய்துள்ள தொழில்சார் நோய்களில் அதுவும் ஒன்று. ஆனால் தொடர்ந்து இருமுகிற ஒரு தொழிலாளி, 'சிலிக்கோசிஸ்' என்ற சொல்லைத் தேடிக்கொண்டு வரமாட்டார். 'ஆறு மாதமாக இருமல், படி ஏறினால் மூச்சு வாங்குகிறது' என்றுதான் வருவார். மருத்துவ முகாம் பற்றிய அறிவிப்பிலும் அந்தச் சொற்களே இருக்க வேண்டும். எந்த நாள், எந்த நேரம், எந்த இடம், எதைக் கொண்டுவர வேண்டும் என்பவை முதல் இரண்டு வரியிலேயே இருக்க வேண்டும். அபக்கூக்கு இறைவாக்கினரிடம் ஆண்டவர் கேட்டதும் இதைத்தான். காட்சியைப் பலகைகளில் தெளிவாக எழுதச் சொன்னார். விரைந்து செல்கிறவரும் படித்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் நோக்கம் (அப 2:2).

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முனிவர் தமிழ் எழுத்திலும் சீர்திருத்தம் செய்தவர். ஓலைச் சுவடிகளில் எகர ஒகரக் குறிலுக்கு மேலே புள்ளி வைப்பது மரபு. ஓலை கிழிந்துவிடும் என்று பலர் புள்ளியை விட்டுவிடுவார்கள். அப்போது குறில் எது, நெடில் எது என்று படிப்பவர்தான் ஊகிக்க வேண்டும். நெடிலுக்குத் தனி வடிவம் தந்து அந்தக் குழப்பத்தை நீக்கிய பெருமை அவரைச் சேரும். எழுதுகிறவர் படும் சிறிய பாடு, படிக்கிற ஆயிரம் பேரின் பெரிய பாட்டைக் குறைக்கிறது. அதுவும் அன்பின் செயலே.

திருச்சபையின் வரலாற்றில்

ஒழுங்குபடுத்தி வைப்பது அலுவலக வேலை, ஆன்மீகத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. திருச்சபையின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

இயேசுவின் காலத்தில் விவிலியத்துக்கு அதிகார எண்ணும் கிடையாது, வசன எண்ணும் கிடையாது. சதுசேயர்களோடு வாதாடும்போது ஆண்டவர் முட்புதர் பற்றிய பகுதியைக் குறிப்பிடுகிறார் (மாற் 12:26). பொருளைச் சொல்லித்தான் இடத்தைக் காட்ட முடிந்தது. எபிரேயர் திருமுகத்தின் ஆசிரியரோ ஒரு திருப்பாடலை மேற்கோள் காட்டும்போது, யாரோ எங்கோ சொன்னதாகவே எழுதுகிறார் (எபி 2:6).

நான்காம் நூற்றாண்டில் செசரியா ஆயர் யுசேபியு, நான்கு நற்செய்திகளின் பகுதிகளுக்கும் எண்ணிட்டு, ஒரே நிகழ்ச்சி எந்தெந்த நற்செய்தியில் எங்கே வருகிறது என்று காட்டும் பத்து அட்டவணைகளை அமைத்தார். 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பின்னாளில் கான்டர்பரி பேராயரான ஸ்டீபன் லாங்டன் வகுத்த அதிகாரப் பிரிவே இன்றும் நம் கையில் இருக்கிறது. அதே நூற்றாண்டில் பாரிஸ் நகரில் ஹியூ என்ற தொமினிக்கன் துறவியின் தலைமையில், விவிலியச் சொற்கள் எங்கெங்கு வருகின்றன என்று காட்டும் சொல்லடைவு உருவானது. 1551-இல் ராபர்ட் எஸ்டியேன் என்ற அச்சகத்தார் புதிய ஏற்பாட்டுக்கு வசன எண்களை இட்டார். இன்று நாம் 'மத் 7:7' என்று சொன்னவுடன் சிறு பிள்ளையும் எடுத்துத் தருகிறதே, அதற்குப் பின்னால் பல நூற்றாண்டு உழைப்பு இருக்கிறது.

கணினிக் காலத்திலும் இப்பணியைத் தொடங்கி வைத்தவர்களில் ஒருவர் இயேசு சபைத் துறவிதான். இத்தாலியரான அருள்பணி ராபர்ட்டோ பூசா, புனித தாமஸ் அக்குவினாசின் எழுத்துகளில் இறைவனின் உடனிருப்பு பற்றி ஆய்வு செய்தார். அதற்காக இலத்தீனில் 'உள்ளே' என்ற பொருள் தரும் ஒரு சின்னஞ்சிறு சொல்லுக்கு மட்டும் ஏறத்தாழ 10,000 அட்டைகளைக் கையால் எழுதினார். இதை இயந்திரத்தால் செய்ய முடியாதா என்று 1949-இல் ஐ.பி.எம். நிறுவனத் தலைவர் தாமஸ் வாட்சனைச் சந்தித்தார். முப்பது ஆண்டுகளுக்கும் மேலான உழைப்பின் பயனாக, சுமார் ஒரு கோடிச் சொற்களுக்கான அடைவு 56 தொகுதிகளாக வெளிவந்தது. இன்று நாம் ஒரு சொல்லைத் தட்டச்சு செய்து நொடியில் தேடுகிறோம். அந்தப் பாதையின் முதல் கற்களை இட்டவர்களில் அவரும் ஒருவர்.

அட்டவணை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடம் சான்று உண்டு. இயேசு சபை அருள்பணி அந்தம் தெ புரோயென்சா தொகுத்த தமிழ்-போர்த்துக்கீசிய அகராதி 1679-இல் கேரளத்தின் அம்பலக்காட்டில் அச்சிடப்பட்டது. காலப்போக்கில் அது கண்ணுக்குத் தெரியாமல் போனது. இலங்கையைச் சேர்ந்த தனிநாயகம் அடிகளார் 20-ஆம் நூற்றாண்டில் அதன் படியை வத்திக்கான் நூலகத்தில் கண்டெடுத்து, 1966-இல் மறுபதிப்பாக வெளிக்கொணர்ந்தார். வத்திக்கான் நூலகத்தில் பத்திரமாக இருந்த ஒரு நூல், தமிழுலகத்துக்கு நெடுங்காலம் இல்லாமலே இருந்திருக்கிறது. பாதுகாப்பது வேறு, பயன்படும்படி வைப்பது வேறு.

நம் பகுதியில் பிறந்த இன்னொருவரையும் நன்றியோடு நினைக்க வேண்டும். சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன் இந்திய நூலக அறிவியலின் தந்தை. 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரம் வீணாகக் கூடாது என்பதாகும். நூலகருக்கு வசதியான வரிசை எது என்று அவர் கேட்கவில்லை. வருகிறவருக்கு வசதியானது எது என்று கேட்டார். 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் இதை ஒப்புக்கொண்டிருக்கிறது. கேட்டால் முப்பது நாளில் பதில் தர வேண்டும் என்பதை நாம் அறிவோம். ஆனால் அதன் நான்காம் பிரிவு, அரசு அலுவலகங்கள் ஆவணங்களைப் பட்டியலிட்டு அட்டவணைப்படுத்தி வைக்க வேண்டும் என்றும், முக்கியமான தகவல்களை எவரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்றும் சொல்கிறது. தேடினால் கிடைக்காத ஆவணத்தின்மேல் உரிமை இருந்தும் பயனில்லை அல்லவா?

பதிவேடு என்னும் புனிதப் பொறுப்பு

நம் பங்குகளுக்குத் திரும்புவோம். திருச்சபைச் சட்டம் 535, ஒவ்வொரு பங்கிலும் திருமுழுக்கு, திருமணம், இறப்பு ஆகியவற்றுக்குப் பதிவேடுகள் இருக்க வேண்டும் என்று கட்டளையிடுகிறது. உறுதிபூசுதல், திருமணம், குருத்துவம் போன்றவை பிற்பாடு நிகழும்போது, அவற்றையும் திருமுழுக்குப் பதிவின் அருகில் குறிக்க வேண்டும். அதனால்தான் திருமணத்துக்குப் புதிதாக எடுத்த சான்றிதழ் கேட்கிறார்கள். அந்த ஒரு வரி, ஒரு மனிதரின் முழு அருள்வாழ்வுக்கும் முகவரி. அப்படியானால் அந்த வரியைத் தேடி எடுக்க முடியாமல் வைப்பது சிறிய குறை அல்ல.

என்ன செய்யலாம்? ஒவ்வொரு பதிவேட்டுக்கும் ஒரு பெயர் அட்டவணை எழுதலாம். ஒரு நோட்டுப் புத்தகமே போதும். கணினி இருந்தால் இன்னும் எளிது. பெயரை மட்டும் எழுதினால் போதாது. நம் ஊரில் ஆரோக்கியசாமிகளும் அந்தோணியம்மாள்களும் அதிகம். திருமுழுக்குப் பெயர், வீட்டில் அழைக்கும் பெயர், தந்தை தாய் பெயர், ஊர், ஆண்டு, பக்க எண் ஆகியவற்றை எழுத வேண்டும். ஒரே பெயரை ஜோசப் என்றும், சூசை என்றும், வளன் என்றும் எழுதுகிறோம். மூன்று இடத்திலும் குறித்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வழி காட்ட வேண்டும்.

முன்பு நாம் சொன்ன அந்தப் பங்கில் இளைஞர்கள் சிலர் இதைச் செய்தார்கள். ஞாயிறு திருப்பலிக்குப் பிறகு ஒரு மணி நேரம், பங்குத்தந்தையின் மேற்பார்வையில் அமர்ந்து எழுதினார்கள். ஒருவர் வாசித்தார், ஒருவர் எழுதினார், மூன்றாமவர் சரிபார்த்தார். தங்கள் தாத்தா பாட்டியின் பெயர்களை அந்தப் பக்கங்களில் கண்டபோது அவர்கள் அடைந்த மகிழ்ச்சியை நாம் மறக்க முடியாது. அண்டை வீட்டாரை அழைத்துக் கொண்டாடிய நற்செய்திப் பெண்ணின் மகிழ்ச்சியும் இப்படித்தான் இருந்திருக்கும். பதிவேடுகளில் பிறர் குடும்பச் செய்திகள் இருப்பதால், யார் பார்க்கலாம் என்ற கட்டுப்பாடும் வேண்டும். உரியவருக்கு எளிதாகக் கிடைக்க வேண்டும். ஊருக்கெல்லாம் காட்சிப்பொருளாகக் கூடாது.

வீட்டைப் பெருக்குவோம்

விளக்கேற்றிய பெண் அடுத்துத் துடைப்பத்தை எடுத்தாள். இதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். நம் அறிவிப்புப் பலகைகளில் முடிந்துபோன திருவிழாவின் சுவரொட்டி இருக்கிறது. போன ஆண்டுத் திருப்பலி நேரம் இருக்கிறது. அன்பியக் குழுவின் வாட்ஸ்அப்பில் காலை வணக்கம் நாற்பது, மாலை வணக்கம் முப்பது. அவற்றுக்கு நடுவே இரத்தம் தேவை என்ற வேண்டுகோள் ஒன்று. அதை யாரும் பார்ப்பதற்குள் மேலே போய்விடுகிறது. உண்மையா என்று பாராமல் அனுப்பும் பொய்ச் செய்திகளும் இத்தோடு சேர்ந்துகொள்கின்றன.

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் முறையைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். குழைத்த மண் கூழை பிளாஸ்டர் அச்சுக்குள் நிறைய ஊற்றுகிறார்கள். அச்சு நீரை உறிஞ்சிக்கொள்ள, உட்புறச் சுவரில் மண் படிகிறது. வேண்டிய கனம் வந்ததும், மிஞ்சிய கூழை அப்படியே கவிழ்த்து வெளியே ஊற்றிவிடுகிறார்கள். அதனால்தான் பொம்மை உள்ளீடற்று, இலேசாக, சூளையில் வெடிக்காமல் நிற்கிறது. கவிழ்க்க மனமில்லாமல் அப்படியே விட்டால் அச்சு நிறைய மண் கட்டிதான் மிஞ்சும். கொட்டியதும் வீணாவதில்லை; மீண்டும் தொட்டிக்கே போகிறது.

செய்தியும் அப்படியே. வந்ததையெல்லாம் வைத்துக்கொள்வது செல்வம் ஆகாது. ஓர் அறிவிப்புக்கு ஒரே இடம் இருக்கட்டும். நாள் முடிந்ததும் அதை எடுத்துவிடுவோம். பழையது தேவையானால் தனிக் கோப்பில் தேதியிட்டு வைப்போம். அவசரச் செய்திக்கென்று தனிக் குழு வைத்து, அதில் வேறெதையும் அனுப்பாதிருப்போம். அனுப்புமுன், இது உண்மையா, இது யாருக்குத் தேவை என்று இரு கேள்விகள் கேட்போம்.

2012-ஆம் ஆண்டின் உலக சமூகத் தொடர்பு நாள் செய்திக்கு, திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் மௌனத்தையும் சொல்லையும் கருப்பொருளாக எடுத்துக்கொண்டார். விடைகள் வந்து குவிகிற காலத்தில், எது முக்கியம், எது பயனற்றது என்று பிரித்தறிய மௌனம் தேவை என்பதை அவர் எடுத்துரைத்தார். சும்மா இருக்கும் மௌனத்தை அவர் கருதவில்லை. வீட்டைப் பெருக்கித் தூய்மையாக்கும் மௌனத்தையே கருதினார். காலையில் எழுந்ததும் கைப்பேசியைத் தொடுமுன் பத்து நிமிடம் செபத்தில் அமர்கிறவர், அன்று எதைப் படிக்க வேண்டும், எதை விட வேண்டும் என்பதை எளிதில் அறிவார்.

கவனமாகத் தேடுவோம்

விளக்கு ஏற்றியாயிற்று, வீடு பெருக்கியாயிற்று. ஆனாலும் காசு தானாக வந்து கையில் ஏறாது. யாராவது குனிந்து தேட வேண்டும். அட்டவணை எவ்வளவு நன்றாக இருந்தாலும், எழுத்தறியாதவருக்கும் பார்வை மங்கியவருக்கும் கூச்சப்படுகிறவருக்கும் ஒரு மனிதர் தேவை. அந்தத் தந்தைக்கு வழி காட்டியது ஓர் உபதேசியார் கேட்ட கேள்விதானே? எஸ்ரா திருச்சட்டத்தை மக்கள் முன் வாசித்தபோதும், லேவியர்கள் கூட்டத்தின் நடுவே நின்று பொருளை விளக்கினார்கள் (நெகே 8:7-8). வாசித்தல் ஒரு பணி. விளங்க வைத்தல் இன்னொரு பணி.

ஒவ்வொரு அன்பியத்திலும் ஒருவர் இப்பொறுப்பை ஏற்கலாம். எந்த உதவிக்கு எந்த அலுவலகம், எந்தச் சான்று, எந்த நாள் என்பதைத் தெரிந்து வைத்துக்கொண்டு, தேவையுள்ளவரை இ-சேவை மையம் வரை கூட்டிப்போய் வரலாம். இது பெரிய சொற்பொழிவு அல்ல, பெரிய நன்கொடையும் அல்ல. ஆனால் ஒரு விதவையின் ஒரு நாள் கூலியைக் காப்பாற்றும். ஒரு தொழிலாளியின் நுரையீரலைக்கூடக் காப்பாற்றலாம்.

மத்தேயு நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்தில் கேட்பதையும் தேடுவதையும் தட்டுவதையும் பற்றி ஆண்டவர் பேசுகிறார். தேடுகிறவர் வெறுங்கையோடு போகமாட்டார் என்பது அவர் தரும் உறுதி. அந்த வாக்குறுதி நிறைவேற அவர் நம் கைகளையும் பயன்படுத்த விரும்புகிறார். நாம் எழுதும் ஒரு தலைப்பு, நாம் இடும் ஒரு பக்க எண், நாம் அகற்றும் ஒரு பழைய சுவரொட்டி ஆகியவையும் அவருடைய வாசலைத் திறக்கும் சாவிகளே.

கார்த்திகை நெருங்கும்போது விருத்தாசலத்துப் பட்டறைகளில் அகல்விளக்குகள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். ஓர் அகலின் வெளிச்சம் சிறியது. ஆனால் தொலைந்த காசைக் கண்டெடுக்க அது போதும். நம் பங்கில், நம் வீட்டில், நம் அலுவலகத்தில் இந்த வாரம் ஒரு விளக்கை ஏற்றி வைப்போமா?

சிந்திக்க:

நம் பங்கின் பதிவேடுகளுக்குப் பெயர் அட்டவணை இருக்கிறதா?

நம் அறிவிப்புப் பலகையில் காலம் கடந்தவை எத்தனை?

நாம் நேற்று அனுப்பிய செய்திகளில், பெற்றவருக்கு உண்மையாகவே தேவைப்பட்டவை எத்தனை?

செபிப்போம்: தேடி வந்து எங்களைக் கண்டெடுத்த ஆண்டவரே, உம்மைத் தேடுகிறவர்களுக்கும், உதவியைத் தேடி எங்களிடம் வருகிறவர்களுக்கும் நாங்கள் தடையாக நிற்காமல், வாசலாக இருக்க அருள்தாரும். வீரமாமுனிவர் அன்போடு வணங்கிய பெரியநாயகி அன்னையே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.